வரப்பின் மேல் ஓர் ஊர்

வேல்ஸ் எல்லையில் உள்ள சிற்றூர் ஒன்றின் அன்றாட வாழ்க்கை பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஓர் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கோட்டை, கோயில், போர் என்று போகாமல், அங்கே மனிதர்கள் காலையில் எழுந்தது முதல் இரவு விளக்கை அணைக்கும் வரை எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும்படி கேட்டீர்கள். அப்படிக் கேட்டதற்கு முதலில் என் நன்றி. நான் 14 ஆண்டுகள் வாழ்ந்த அந்த ஊரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஊரின் பெயர் நைட்டன். வேல்ஸின் கிழக்கு ஓரத்தில், இங்கிலாந்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்று அங்கே ஏறத்தாழ 3,000 பேர் இருக்கிறார்கள்; நாங்கள் போனபோது இன்னும் குறைவு. 1976 அக்டோபரில், என் கணவருக்கு அங்கே மருத்துவர் வேலை கிடைத்து, இரண்டு பெட்டிகளோடும் ஒரு கைக்குழந்தையோடும் ரயிலில் போய் இறங்கினோம். அந்த ஆண்டுக் கோடை பிரிட்டனே காய்ந்து வெடித்த கோடை. அது முடிந்து மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூடவே இறங்கிய ஒரு பெரியவரிடம், "வேல்ஸுக்கு வந்துவிட்டோம், இல்லையா?" என்று கேட்டேன். "இல்லையம்மா, நீங்கள் நிற்பது இன்னும் இங்கிலாந்துதான். அதோ தெரிகிறதே, அந்தப் பாலத்தைத் தாண்டினால்தான் வேல்ஸ்" என்றார். குழந்தையை அவர் வாங்கிக்கொண்டார். பெட்டிகளை நாங்கள் தூக்கிக்கொண்டோம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மழையில் நடந்தே போய்ச் சேர்ந்தோம்.

அவர் சொன்னது உண்மை. டீம் என்ற சிற்றாறு அங்கே எல்லையாக ஓடுகிறது. ஆற்றுக்குத் தெற்கே ஊர், அது வேல்ஸ். வடக்கே ரயில் நிலையம், அது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் மாவட்டம். 1861-இல் ரயில் அந்த ஊரை எட்டியபோது, தண்டவாளம் போட்டவர்கள் பள்ளத்தாக்கின் போக்கைப் பார்த்தார்களே தவிர எல்லையின் போக்கைப் பார்க்கவில்லை. அதனால் நைட்டன்காரர் ஒருவர் ரயில் ஏற வேண்டுமானால் முதலில் நாடு தாண்ட வேண்டும். இது அங்கே யாருக்கும் வியப்பே இல்லை. காலையில் ரயிலுக்கு ஓடுகிறவர் கையில் ரொட்டித் துண்டோடு இரண்டு நாடுகளைக் கடந்துவிடுவார்.

அந்த ஊருக்கு வேல்ஷ் மொழியில் வேறு பெயர் இருக்கிறது: ட்ரெவ்-அ-க்ளௌத். ட்ரெவ் என்றால் ஊர். க்ளௌத் என்ற சொல்லுக்கு உயர்த்திய மண்கரை, பள்ளத்தோடு கூடிய கரை, புதர்வேலி ஓடும் கரை என்று பல பொருள் சொல்வார்கள். கேட்ட அன்றே என் மனதில் அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் விழுந்துவிட்டது: வரப்பூர். இந்த மாலை நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. வரப்பு என்ன செய்கிறது? என் வயலையும் உங்கள் வயலையும் பிரிக்கிறது. ஆனால் நாம் இருவரும் நடப்பதும் அதன் மேல்தான். வயலுக்குக் கஞ்சி கொண்டு போகிறவரும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும், நாற்றுக்கட்டு சுமக்கிறவரும் வரப்பைத்தான் வழியாகக் கொள்கிறார்கள். பிரிப்பதற்குப் போட்ட மண்ணே சேர்வதற்கு வழியாகிறது. நைட்டனின் அன்றாட வாழ்க்கையும் இப்படித்தான் நடந்தது.

அந்த வரப்பைப் போட்டவன் ஓர் அரசன். மெர்சியா என்ற நாட்டை 757 முதல் 796 வரை ஆண்ட ஆஃபா. இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதி அவனுடையது. மேற்கே வேல்ஷ் மக்களின் சிற்றரசுகள். இரண்டுக்கும் இடையே அவன் எழுப்பிய மண்கரையை ஆஃபாவின் கரை என்பார்கள். சில இடங்களில் கரையும் பள்ளமும் சேர்ந்து 20 மீட்டர் அகலம் இருக்கும். பள்ளம் வேல்ஸ் பக்கம், மேடு மெர்சியா பக்கம். மேற்கிலிருந்து வருகிறவன் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கரை எங்கள் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. எங்கள் பிள்ளைகள் அதில் பனிச்சறுக்கினார்கள். வேனிலில் புல்லில் உருண்டார்கள். 1,200 ஆண்டுகளுக்கு முன் ஒருவனைத் தடுக்க எழுப்பிய மேடு, பிள்ளைகளுக்குச் சறுக்குமரமாயிற்று.

இன்றைய எல்லை ஆஃபா வகுத்தது அல்ல. 1536-இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று வேல்ஸை இங்கிலாந்தின் ஆட்சி அமைப்போடு இணைத்தது. எல்லையோரப் பிரபுக்களின் நிலங்களை மாவட்டங்களாக வகுத்ததும் அந்தச் சட்டம்தான். எங்கள் ராட்னர்ஷர் மாவட்டம் அப்படிப் பிறந்தது. இந்தக் கோடு விழுந்த விதத்தில் வேடிக்கையான கலப்புகள் உண்டாயின. நைட்டன் என்பது பழைய ஆங்கிலப் பெயர். ஊர் வேல்ஸில் இருக்கிறது. சில மைல் மேலே போனால் லான்வைர் வாட்டர்டைன் என்ற கிராமம். லான்வைர் என்பது மரியாளின் கோயில் என்று பொருள்படும் வேல்ஷ் பெயர். கிராமம் இங்கிலாந்தில் இருக்கிறது. நைட்டனுக்குத் தெற்கே 7 மைலில் பிரஸ்டீன் என்ற ஊர். அது வேல்ஸில் இருந்தாலும் அதன் தேவாலயம் இன்றும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஹெரிஃபோர்ட் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் திருச்சபை தனியே பிரிந்தபோது, எல்லையோரப் பங்குகளின் மக்களிடம் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்றார்கள். வரிக்கு ஓர் எல்லை, வழிபாட்டுக்கு வேறு எல்லை. தாத்தா எந்தக் கோயிலில் மணம் முடித்தாரோ அதுவே தங்கள் கோயில் என்று அந்த மக்கள் எண்ணினார்கள்.

நான் போனபோது ராட்னர்ஷர் என்ற மாவட்டமே காகிதத்தில் இல்லை. 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி அது போவிஸ் என்ற பெரிய மாவட்டத்தில் கலந்துவிட்டது. ஆனால் உறையின் மேல் முகவரி எழுதும்போது என் பக்கத்து வீட்டு அம்மையார் ராட்னர்ஷர் என்றுதான் எழுதினார். 1990-இல் எங்களை வழியனுப்பிய அன்றும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். கடிதங்கள் ஒன்றும் தவறிப் போகவில்லை.

நண்பர்களே, ஒரு நாள் எப்படிப் புலர்ந்தது என்று சொல்கிறேன். முதலில் கேட்பது பால்காரரின் வண்டியும் கண்ணாடிப் புட்டிகள் உரசும் ஓசையும். புட்டிகளைப் படியில் வைத்துவிட்டுப் போவார். எடுக்கத் தாமதமானால், நீலச்சிட்டு என்று நாம் சொல்லக்கூடிய ஒரு சிறு குருவி வந்து, மூடியிருக்கும் மெல்லிய தகட்டைக் கொத்தித் துளைத்து மேலே நிற்கும் ஆடையைக் குடித்துவிடும். அதைத் தடுக்க என் பக்கத்து வீட்டு அம்மையார் எனக்கொரு கல்லைக் கொடுத்தார், புட்டியின் வாயில் வைக்க. ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அன்பளிப்பு அந்தக் கல்.

அவர்தான் எனக்கு வேல்ஷ் கேக்குச் சுடவும் கற்றுக்கொடுத்தார். கேக்கு என்றதும் அடுப்புக்குள் வேகும் மெத்தென்ற பண்டத்தை நினைக்க வேண்டாம். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, உலர்ந்த சிறு திராட்சை சேர்த்துப் பிசைந்து, தட்டையாக வட்டம் வெட்டி, கனமான இரும்புக் கல்லில் இரு பக்கமும் திருப்பிப் போட்டுச் சுடுவது. அவர் அந்தக் கல்லை எடுத்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது தோசைக்கல்லேதான். அதே கனம், அதே கருமை, பல தலைமுறை எண்ணெய் குடித்த அதே பளபளப்பு. அவர் பாட்டியின் கல் அது. மறுநாள் என் கல்லை எடுத்துப் போய்க் காட்டினேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பின் எங்களுக்குள் பேச மொழித் தயக்கம் இருக்கவில்லை.

ஊரின் நடுவே 1872-இல் கட்டிய மணிக்கூண்டு. அதிலிருந்து மேலே செங்குத்தாக ஏறும் குறுகிய தெரு. அதன் பெயரே குறுகல் என்று பொருள்படும். இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, கம்பளிநூல் கடை, இரும்புச் சாமான் கடை எல்லாம் நடந்து போகிற தொலைவில். இறைச்சிக்கடைக்காரர் எந்த ஆடு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று சொல்லித்தான் கொடுப்பார். கடைக்குப் போவதென்றால் ஒரு மணி நேரம் ஆகும். வாங்குவதற்குப் பத்து நிமிடம், விசாரிப்பதற்கு ஐம்பது நிமிடம்.

சந்தை நாளில் ஊரே மாறிவிடும். இலையுதிர் காலத்து ஆட்டுச் சந்தைகளுக்கு எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வண்டி வண்டியாகச் செம்மறிகள் வரும். அந்த வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய இனங்களே உண்டு. கறுத்த முகமுள்ள க்ளன் ஃபாரஸ்ட் ஷ்ராப்ஷர் பக்கத்து இனம். வெள்ளை முகத்தில் கறுப்புத் திட்டுகள் கொண்ட கெர்ரி ஹில் வேல்ஸ் பக்கத்து இனம். ஏலம் கூறுபவர் பட்டிகளுக்கு மேலே பலகையில் நடந்துகொண்டே மூச்சு விடாமல் விலை சொல்லிப் போவார். வாங்குகிறவர் புருவத்தை உயர்த்துவார், அல்லது கையிலிருக்கும் கோலை ஓர் அங்குலம் அசைப்பார், அதுவே கேட்பு. நம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரல்பிடித்து விலை பேசியதைச் சிறுவயதில் கண்ட எனக்கு அது அயலாகத் தோன்றவில்லை. கிடாக்களின் விலையைக் கினி கணக்கில் சொல்வார்கள். கினி என்ற நாணயம் அடிப்பது 1814-இலேயே நின்றுவிட்டது. ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும் சேர்ந்தது ஒரு கினி. நாணயம் போய் ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் கணக்கு மட்டும் சந்தையில் உயிரோடு இருந்தது. விற்றவர் வாங்கியவர் கையில் சிறு தொகையைத் திருப்பிக் கொடுப்பார். அதற்கு அதிர்ஷ்டப் பணம் என்று பெயர். ஆடு உனக்கு நன்றாக வாழட்டும், அடுத்த ஆண்டும் என்னிடம் வா என்று பொருள். வேல்ஸ்காரர், இங்கிலாந்துக்காரர் என்று அந்தப் பட்டியில் யாரும் கேட்டதில்லை. இன்ன பண்ணைக்காரர் என்றால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறு கதை. வேல்ஸில் ஞாயிறுதோறும் மதுக்கடைகளை மூடச் சொல்லும் சட்டம் 1881-இல் வந்தது. தேவாலயங்களும், அவற்றினும் கடுமையான நோன்புள்ள சிற்றாலயங்களும் கேட்டுப் பெற்ற சட்டம் அது. வேல்ஸுக்கென்று தனியாக இயற்றிய சட்டங்களில் அது தொடக்க காலத்தது. 1961-இல் மாவட்டம் மாவட்டமாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். ராட்னர்ஷர் திறக்கலாம் என்றது. வடக்கே இருந்த மண்ட்கமரிஷர் 1968 வரை மூடியே வைத்திருந்தது. நான் போனபோது அதெல்லாம் பழங்கதை ஆகியிருந்தது. ஆனால் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: காலையில் ஆலயத்தில் பாடிவிட்டு, மாலையில் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய் ஒரு கோப்பை குடித்துவிட்டு வருவார்களாம். வடக்கே லானமனெக் என்ற ஊரில் எல்லைக்கோடு ஒரு சத்திரத்தின் ஊடாகவே ஓடியது. ஞாயிறன்று வேல்ஸ் பக்கத்து அறை பூட்டியிருக்கும். இங்கிலாந்து பக்கத்து அறைகள் திறந்திருக்கும். இதில் நான் கண்டது சட்டத்தை ஏமாற்றுவதை அல்ல. நோன்பையும் விட்டுவிடாமல் நட்பையும் விட்டுவிடாமல் வாழ அந்த மக்கள் கண்ட வழியாகவே அது எனக்குப் பட்டது.

1978-இல் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. நடமாடும் நூலக வண்டியில் உதவியாளர் வேலை. என் வாழ்நாளில் நான் பார்த்த வேலைகளில் நெஞ்சுக்கு நெருக்கமானது அது. ஒரு பெரிய வேன். உள்ளே இரு பக்கமும் நூலடுக்குகள். பின்னால் மடக்குப் படி. பண்ணை வாசல், தொலைபேசிக் கூண்டு, சிற்றாலய முற்றம் என்று நிறுத்தி நிறுத்திப் போவோம். கம்பளிச் சட்டையில் வைக்கோல் ஒட்டியபடி வருவார்கள். சிலர் நூல் எடுப்பார்கள். சிலர் பேச மட்டும் வருவார்கள். பனிக்காலத்தில் வாரக்கணக்கில் வேற்று மனித முகம் பார்க்காத கிழவர் ஒருவர், படியேறி உட்கார்ந்து, கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, நன்றி சொல்லிப் போவார். அவரும் எங்கள் வாசகர்தான் என்று ஓட்டுநர் சொல்வார். எங்களுக்கு முட்டையும் ஜாடியில் அடைத்த பழப்பாகும் கிடைத்துக்கொண்டே இருந்தன.

டீம் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு நிறுத்தம். அங்கே ஆறு ஓடையளவுதான். இக்கரைப் பண்ணை வேல்ஸ், அக்கரைப் பண்ணை இங்கிலாந்து. எங்கள் வண்டி போவிஸ் மாவட்டத்துக்கு உரியது. அக்கரைக்காரருக்கு அட்டை கொடுக்க விதி இடம் தராது. இக்கரை அம்மையார் ஒவ்வொரு முறையும் தம் அட்டைக்குரிய நூல்கள் அத்தனையும் எடுப்பார். அவற்றில் பாதி, தாம் ஒருபோதும் படிக்காத கப்பற்கதைகள். ஒருநாள் நானே கேட்டேன். அவர் ஓடையின் மேல் போட்டிருந்த மரப்பலகையைக் காட்டினார். அந்தப் பலகை வழியே நூல்கள் அக்கரைக்குப் போய், ஒரு கிழவர் படித்து, திரும்பி வந்துகொண்டிருந்தன. ஓட்டுநரைப் பார்த்தேன். "அவருக்குக் கப்பற்கதையில் எது பிடிக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்" என்றார். அதன்பிறகு நாங்களே தேடி எடுத்து வைத்தோம்.

அந்த மலைகளில் மார்ச்சும் ஏப்ரலும் ஆடு ஈனும் காலம். அப்போது பண்ணை வீடுகளில் இரவு பகல் இல்லை. இரட்டைக் குட்டிகளில் ஒன்றைத் தாய் ஒதுக்கிவிடும். அல்லது தாய் இறந்து குட்டி அநாதையாகிவிடும். அதை அடுப்போரம் பெட்டியில் வைத்துப் புட்டிப் பால் கொடுத்து வளர்ப்பார்கள். அந்தக் குட்டியை அவர்கள் பேச்சில் டிட்லிங் என்பார்கள். குட்டியை இழந்த தாய் ஒன்று இருந்தால், இறந்த குட்டியின் தோலை உரித்து இந்த அநாதைக் குட்டிக்குச் சட்டை போல் போட்டுவிடுவார்கள். தாய் முகர்ந்து பார்க்கும். தன் வாசனை என்று மடியில் விடும். இரண்டு மூன்று நாளில் சட்டையைக் கழற்றிவிடலாம்; அதற்குள் அது அதன் பிள்ளை ஆகியிருக்கும். வேற்று மண்ணில் கைக்குழந்தையோடு போய் நின்ற எனக்கு அந்தக் காட்சி நெடுநாள் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்டில் மலைச்சரிவுகளில் விம்பெரி பழுக்கும். முழங்காலுக்கும் தாழ்ந்த செடியில் கருநீலமாகக் காய்க்கும் சிறு பழம். காலையில் டப்பாக்களோடு போய்க் குனிந்தபடி பறிப்போம். மாலையில் பிள்ளைகளின் நாக்கு, பல், விரல் எல்லாம் நாவற்பழம் தின்றது போல் நீலம். முந்தைய தலைமுறைக்கு அது விளையாட்டு அல்ல. பறித்து விற்ற காசில்தான் பிள்ளைகளுக்குக் குளிர்காலக் காலணி வாங்கினோம் என்று அவர்கள் சொல்வார்கள்.

இனி வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே வயல்களைப் பிரிப்பது உயிர்வேலி. ஹேசல், ஹாத்தார்ன் போன்ற செடிகளை வரிசையாக வளர்ப்பார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு தண்டையும் அடியில் முக்கால்வாசி வெட்டி, சாய்த்துப் படுக்கவைத்து, குச்சிகளுக்கு இடையே பின்னிவிடுவார்கள். வெட்டிய தண்டு சாகாது; அடியில் மிஞ்சிய பட்டை வழியே உயிர் ஏறி, வேனிலில் தளிர் விட்டு அடர்ந்துவிடும். அதைச் செய்யாமல் விட்டால் வேலி உயரமாகப் போய், அடியில் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்கு அவர்கள் சொல் க்ளாட். ஆடு நுழைகிற கடவு. கடவு என்ற நம் சொல்லிலிருந்துதானே கடவுச்சீட்டு வந்தது! க்ளாட் விழுந்திருப்பதை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் அதை அடைக்க வேண்டும் என்பது எழுதாத வழக்கம். அது என் வேலியா உன் வேலியா என்று கேட்பதில்லை. ஏனென்றால் வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு.

மேலே, வேலியில்லாத திறந்த மலை. அங்கே ஒவ்வொரு பண்ணையின் மந்தைக்கும் தன் இடம் தெரியும். சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. தாய் ஆடு தன் குட்டிக்கு நடந்து காட்டி, இதுவரை நம் இடம் என்று கற்பித்துவிடுகிறது. அந்தக் குட்டி பின்னால் தன் குட்டிக்குக் காட்டுகிறது. அந்தப் பழகிய இடத்துக்கு வேல்ஷ் மொழியில் கனெவின் என்ற சொல் உண்டு. மனிதர் தம் சொந்த மண்ணை நினைத்துச் சொல்வதும் அந்தச் சொல்லைத்தான். மண்ணில் கோடு கிழிக்காமல் நினைவிலேயே எல்லையைச் சுமக்கிற உயிர்களை நான் அங்கேதான் கண்டேன்.

1982 ஜனவரியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. 8-ஆம் தேதி தொடங்கிய பனி மறுநாளும் நிற்கவில்லை. காற்று அதை வாரி வேலியளவுக்குக் குவித்தது. 10-ஆம் தேதி காலை, அதே ஷ்ராப்ஷரின் நியூபோர்ட்டில் மைனஸ் 26.1 டிகிரி பதிவாயிற்று. இங்கிலாந்தில் அதுவரை அப்படியொரு குளிர் பதிவானதில்லை. எங்கள் தெருவில் கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். மின்சாரம் போயிற்று. என் கணவர் மருந்துப் பையை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு பண்ணைக்காரரின் டிராக்டரில் நின்றபடி நோயாளிகளைப் பார்க்கப் போனார். மலையில் ஆடுகள் பனிக்குள் புதைந்திருந்தன. காற்றைத் தவிர்க்க அவை வேலியோரம் ஒதுங்கும். பனி அங்கேதான் அதிகம் குவியும். நாய்கள் முகர்ந்து நின்ற இடத்தில் நீண்ட கழியைக் குத்திப் பார்ப்பார்கள். ஆட்டின் மூச்சுப் பட்டுப் பனியில் சிறு துளை விழுந்து, அதன் விளிம்பு மஞ்சளித்திருக்கும், அதுதான் அடையாளம். அக்கரைக்காரர்கள் மண்வெட்டியோடு உறைந்த ஆற்றைத் தாண்டி வந்தார்கள். இக்கரைக்காரர்கள் அங்கே போனார்கள். எந்த ஆடு யாருடையது என்பதைக் கம்பளியில் பூசிய வண்ணக்குறி பார்த்துப் பிறகு பிரித்துக்கொண்டார்கள். ஐந்து நாள், ஆறு நாள் கழித்தும் உயிரோடு எடுத்த ஆடுகள் உண்டு.

எங்கள் இரண்டாம் மகன் ஹெரிஃபோர்டில், அதாவது இங்கிலாந்தில் பிறந்தான். போவிஸ் மாவட்டத்தில் பெரிய பொது மருத்துவமனை கிடையாது. நைட்டன் பிள்ளைகள் பலரின் பிறப்புச் சான்றிதழில் இங்கிலாந்தே இருக்கும். பள்ளிக்கும் சிலர் வேல்ஸில் உள்ள பிரஸ்டீனுக்குப் போவார்கள், சிலர் இங்கிலாந்தில் உள்ள பிஷப்ஸ் காசிலுக்குப் போவார்கள். ஆனால் வேல்ஸும் இங்கிலாந்தும் ரக்பி ஆடும் நாளில் என் மகன் சிவப்புச் சட்டையோடு நிற்பான். வேல்ஷ் மொழி அந்தப் பள்ளத்தாக்கின் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. மலைகளின், பண்ணைகளின் பெயர்களில் மட்டும் தங்கியிருந்தது. ஆயினும் அவர்கள் தங்களை வேல்ஸ்காரர் என்றார்கள். ஏன் என்று கேட்டால், நாங்கள் ராட்னர்ஷர்காரர்கள் என்பார்கள். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிற்காலத்தில் அந்த ஊருக்கு இரண்டு பெரிய துன்பங்கள் வந்தன. நாங்கள் அப்போது அங்கே இல்லை. கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்டோம். முதலாவது 2001-இல் வந்த கோமாரி நோய். பிரிட்டன் முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். போவிஸ் அதில் கடுமையாக அடிபட்டது. சந்தைகள் மூடின, நடைபாதைகள் மூடின. அடுத்த ஆண்டு நாங்கள் போனபோது ஒரு பண்ணைக்காரர் சொன்னார்: "இழப்பீடு கொடுத்தார்கள், ஆடு வாங்கிவிடலாம். ஆனால் மலை தெரிந்த ஆட்டை எங்கே வாங்குவது?" கனெவின் அறிந்த தாய் ஆடுகள் போய்விட்டால், குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நினைவு அறுந்தால் மலை இருந்தும் இடம் இல்லாமல் போய்விடுகிறது. இன்று உங்கள் முன் நின்று சின்னச் சின்னச் செய்திகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அதற்குக் காரணம் அவர் சொன்ன அந்த வார்த்தைதான்.

இரண்டாவது 2020. வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் 1999-இல் வந்தபின் எல்லை மெல்ல மெல்ல அன்றாடத்துக்குள் வந்திருந்தது. 2007 முதல் வேல்ஸில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை, இங்கிலாந்தில் உண்டு. 2011-இல் வேல்ஸ் கடைகளில் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் அது 2015-இல்தான் வந்தது. இவற்றோடு பழகிக்கொண்டார்கள். ஆனால் 2020-இன் கொரோனா தொற்றுக்காலத்தில் அக்டோபர் 23 முதல் நவம்பர் 9 வரை வேல்ஸ் தன்னை முழுவதும் மூடிக்கொண்டது. அதன் முதல் நாட்களில் பாலத்துக்கு அப்பால் கடைகள் திறந்திருந்தன. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பழைய தோழி ஒருத்தி தொலைபேசியில், "பாலத்தில் நின்று தங்கைக்குக் கையசைத்துவிட்டு வந்தேன்" என்றாள். அவள் அறுபது ஆண்டுகளாகத் தினமும் தாண்டிய பாலம் அது. முதன்முறையாக அது அவளுக்கு எல்லையாகத் தெரிந்தது.

அந்த மண்கரையின் கதையை முடித்துவிடுகிறேன். நைட்டனில் வாழ்ந்த ஃபிராங்க் நோபிள் என்பவர் 1969-இல் ஆஃபாவின் கரைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். கரையை ஒட்டி நடைபாதை வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர் அவர். 1971 ஜூலை 10-ஆம் தேதி, தெற்கே செப்ஸ்டோவுக்கு அருகிலிருந்து வடக்கே பிரெஸ்டாட்டின் கடற்கரை வரை 177 மைல் நீளப் பாதையை நைட்டனில் வைத்துத் திறந்தார்கள். திறந்து வைத்தவர் ஜான் ஹண்ட் பிரபு. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். வேல்ஷ் பெயர் கொண்ட இங்கிலாந்துக் கிராமம் என்று முன்பு சொன்னேனே, அந்த லான்வைர் வாட்டர்டைன்தான் அவர் வாழ்ந்த ஊர். அந்தப் பாதை எல்லையை இருபது முறைக்கு மேல் தாண்டித் தாண்டிப் போகிறது. ஒருவரையொருவர் வரவிடாமல் தடுக்க எழுப்பிய கரை, முன்பின் அறியாதவர்கள் வணக்கம் சொல்லி நடக்கிற வழியாகிவிட்டது.

நண்பர்களே, தஞ்சைப் பக்கத்தில் நடவுக்கு முன் வரப்பின் பக்கங்களைச் செதுக்கிச் சேறு அணைப்பதற்கு அண்டை வெட்டுதல் என்று பெயர். என் தாத்தா அதைத் தம் கையாலேயே செய்வார். எதிர் வயல்காரர் அந்தப் பக்கம் நின்று செய்வார். இருவரும் பேசிக்கொண்டே வரப்பின் கடைசி வரை போவார்கள். பக்கத்து வீட்டாருக்கும் அண்டை வீட்டார் என்றுதான் பெயர். நான் சிறுமியாக இருந்தபோது இதை யோசித்ததில்லை. நைட்டனில் ஒரு குளிர்கால மாலையில், வேலியின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று க்ளாட் அடைப்பதைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது. இரண்டு பேரும் வேலை முடிந்து, ஒரே குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். குடுவை வேலிக்கு மேலே கைமாறிக்கொண்டிருந்தது.